வேப்பஞ்சருகை யார் எடுப்பது?

மாசி கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு வேம்பு, கொல்லையில் நான்கு தென்னை, ஒரு மா. மாசி, பங்குனியில் வேம்பு இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். விடியற்காலையில் கூட்டி முடித்தால் பத்து மணிக்குள் வாசல் மறுபடியும் மஞ்சளாகக் கிடக்கும். போன இரண்டாம் நாள் சாயங்காலம் தெருவே புகைமூட்டமாக இருந்தது. ஐந்தாறு வீட்டு வாசலில் சருகைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். நடுவில் எங்கோ பால் பாக்கெட்டும் எரிகிற நாற்றம். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். “யாரைப் போய் என்ன சொல்றது? நம்ம வீட்டுச் சருகையும் நாமதானேடா கொளுத்துறோம்” என்றார்.

மறுநாள் காலையில் நகராட்சியின் பேட்டரி குப்பை வண்டி வந்ததும் ஒரு சாக்குச் சருகைத் தூக்கிக்கொண்டு போனேன். வண்டியில் வந்த அக்கா தலையை ஆட்டினார். “இலை தழை எடுக்க மாட்டோம் தம்பி.” கோபமாகச் சொல்லவில்லை. தொட்டி மூடியைத் திறந்து காட்டினார். “ஒரு மூட்டைச் சருகு கொட்டினா இந்தத் தொட்டி ரொம்பிடும். இன்னும் மூணு தெரு பாக்கி. அங்க உள்ள சோத்துக் குப்பையை எதுல வாங்குறது?” அவர் கேட்டது நியாயம். வண்டியைச் சமையலறைக் குப்பைக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். மரம் உள்ள வீட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில். அங்கே எங்கள் பகுதியில் தோட்டக் கழிவுக்குப் பழுப்பு நிறத்தில் தனித் தொட்டி உண்டு. 240 லிட்டர் கொள்ளும், சக்கரம் வைத்தது. எங்கள் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து எடுக்கும். வழக்கமான வீட்டுக் குப்பையை எடுப்பதற்குத் தனிக் காசு கிடையாது, தோட்டக் கழிவுக்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் ஆண்டுக்கு 60 பவுண்டு கட்டுகிறேன். கட்டியவர் தொட்டியில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும், அது இல்லாத தொட்டியைத் தொட மாட்டார்கள். மண், கல், பிளாஸ்டிக் பை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. எங்கள் பகுதியில் மிச்சச் சாப்பாட்டையும் அதில் போடக் கூடாது. இறைச்சி, மீன் கலந்த கழிவை அங்கே திறந்த வெளியில் மக்க வைக்க அனுமதி இல்லை, மூடிய கலனில்தான் பதப்படுத்த வேண்டும். வெறும் இலை தழை என்றால் அந்தச் சிக்கல் இல்லை. அரைத்து, நீளமான குவியலாகப் போட்டு, இயந்திரத்தால் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே சூடு 60 டிகிரியைத் தொடும். களை விதையெல்லாம் அதிலேயே செத்துவிடும். சில மாதத்தில் சலித்து உரமாக வெளியே வரும்.

காசு கட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பது அங்கேயும் தீராத வாதம்தான். ஆனால் இலைக்கு ஒரு வழி இருக்கிறது.

நம் ஊரில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2026 ஏப்ரலில் புது விதிகள் வரும்வரை நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் படித்துப் பார்த்தேன். தோட்டக் கழிவைத் தன் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. தெருவில் எரிக்கக் கூடாது என்றும் தெளிவாக எழுதியிருந்தார்கள். அதே 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. சரி, தனியாகச் சேர்த்து வைத்தாயிற்று. உள்ளாட்சி எதுவுமே சொல்லவில்லை என்றால் அந்தச் சருகை அம்மா எங்கே கொண்டுபோவார்?

குப்பை வண்டி அக்காதான், சமையலறைக் குப்பையை மக்கவைத்து உரமாக்கும் இடமான நுண் உரமாக்கும் மையத்துக்கு வழி சொன்னார். தகரக் கொட்டகைக்கு அடியில் வரிசையாகச் செங்கல் தொட்டிகள். காற்றுப் போவதற்குச் சுவரில் ஓட்டை விட்டுக் கட்டியிருந்தார்கள். முதல் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சோறு, சாம்பார், தக்காளி, வாழைப்பழத் தோல் எல்லாம் கூழாகிக் கறுப்புத் தண்ணீர் அடியில் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்காமல் புகார் மேல் புகார் கொடுக்கிறார்களாம்.

எனக்கு மனசே ஆறவில்லை. அந்தத் தொட்டிக்கு வேண்டிய மருந்து எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் எரிகிறது. சமையலறைக் கழிவில் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அதிகம். காய்ந்த இலையில் கரிமம் (கார்பன்) அதிகம். இரண்டும் சேர்ந்து, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் 25, 30 பங்கு என்று அமைந்தால்தான் குப்பை நாறாமல் சூடேறி மக்கும். ஒரு கூடைச் சோற்றுக் கழிவு, அதன் மேல் இரண்டு மூன்று கூடைச் சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல், இவ்வளவுதான். எருக்குழி வைத்திருந்த நம் பாட்டிமார் மாட்டுச் சாணத்தையும் தொழுவத்துச் செத்தையையும் சேர்த்தேதான் கொட்டினார்கள்.

தென்னை மட்டை வேறு கதை. அது லேசில் மக்காது, அரைத்தாக வேண்டும். மையத்தில் அரைவை இயந்திரம் ஒன்று இருந்தது. மட்டை நார் சுற்றி பிளேடு மழுங்கி நின்றுபோய்விட்டது, மாற்று பிளேடு வரவில்லை என்று அங்கே வேலை செய்பவர் சொன்னார். கையுறைகூட இல்லாமல் அவர் கூழுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு தெருவில் யார் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. பிரித்துப் போடாத நம் மேல்தான் வந்தது.

நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கேட்டது மூன்று. வாரத்தில் ஒரு நாள் இலை தழைக்கு மட்டும் ஒரு டிராக்டர் வர வேண்டும். பிளேடு மாற்ற வேண்டும். வருகிற சருகை மையத்தின் தொட்டிகளிலேயே கலக்க வேண்டும். டிராக்டர் செலவுக்கு மரம் உள்ள வீடுகள் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம் என்றும் எழுதினேன். சுகாதார ஆய்வாளர் பொறுமையாகத்தான் படித்தார். ஆள் பற்றாக்குறை, கமிஷனரிடம் வைக்கிறேன் என்றார். ரசீது வாங்கிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் கொல்லையில் கம்பி வலையை வளைத்து இடுப்பளவு உயரத்தில் ஒரு கூண்டு கட்டினேன். பத்து சாக்குச் சருகு உள்ளே போனது. போன வாரம் அம்மா போனில் சொன்னார்: சருகு முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டதாம், கிளறினால் ஆவி வருகிறதாம். எதிர்வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, வலை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டுப் போனாராம். மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. ரசீதைத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்கிறேன் என்றிருக்கிறாள்.