கால்விரல் காணாமல் போன ஓவியம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் மிட்வைஃபாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் வீட்டு ஹாலில் மாட்ட ஒரு தாய்-பிள்ளை படம் தேடினேன். கடைகளில் இருக்கும் படங்களில் தாய் தலை வாரி, பொட்டு வைத்து, சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் அப்படி ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் பவுலா மோடர்சோன்-பெக்கர் என்ற ஜெர்மன்காரி 1906இல் வரைந்த ஓவியம் கண்ணில் பட்டது. தாயும் குழந்தையும் துணியில்லாமல் ஒருவரை ஒருவர் அணைத்துச் சுருண்டு கிடக்கிறார்கள். முகத்தில் நுணுக்கம் எதுவும் கிடையாது. கனமான உடம்பு, களைப்பு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிவதைவிட மனசு உணர்வதை வரையும் எக்ஸ்பிரஷனிசம் என்ற பாணிக்கு வழிவிட்டவர்களில் ஒருவர் என்று இவரைச் சொல்வார்கள். எனக்கு அது இரவு டியூட்டியில் நான் பார்த்த கட்டில்தான்.

மகன் பெரிய படக்கோப்பு ஒன்றை இறக்கிக் கொடுக்க, டவுனில் ஒரு பிரிண்ட் கடையில் கேன்வாஸில் அடிக்கக் கொடுத்தேன். அசல் சுமார் 82க்கு 125 செ.மீ. நான் கேட்டது அதில் மூன்றில் இரண்டு பங்கு. மரச்சட்டத்தோடு 1,150 ரேண்ட். ஐந்து நாள் என்றார்கள், பதினொரு நாள் ஆனது. முதல் பிரிண்டில் தாய் வறுத்த இறால் நிறத்தில் இருந்தாள்! திருப்பிக் கொடுத்ததும் முகம் சுளிக்காமல் மறுபடி அடித்துத் தந்தார்கள். இரண்டாவதில் தோலின் பழுப்பும் நிழலும் நன்றாகவே வந்திருக்கின்றன. கேன்வாஸும் தடிமன்தான்.

குறை ஒன்று உண்டு, அது சின்னதில்லை. சட்டத்தைச் சுற்றி மடிப்பதற்கு ஓவியத்தின் ஓரத்தையே நான்கு செ.மீ. எடுத்துவிட்டார்கள். தாயின் கால்விரல்கள் பக்கவாட்டுக்குப் போய்விட்டன. ஆர்டர் கொடுக்கும்போதே “மடிப்புக்கு வெள்ளை ஓரம் விடுங்கள்” என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கால் எனக்கு ஏன் முக்கியம் என்றால், பவுலாவைக் கொன்றதே கால்தான். 1907 நவம்பர் 2இல் அவருக்கு மகள் பிறந்தாள். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் படுக்கையிலேயே வைத்திருந்தார். நவம்பர் 20இல் எழுந்தவர் கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிட்டார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது. வயது 31. கடைசியாக ‘ஷாடே’ என்றாராம், அடடா, வீணாச்சே என்கிற மாதிரி. இப்போது வார்டில் தாயை அன்றைக்கே நடக்க வைத்துவிடுவோம். படிக்காத என் ஆயாகூட, பிள்ளை பெற்றவள் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி, பூண்டுக் கஞ்சி கொடுத்து, முற்றத்தில் நடக்கச் சொல்வார்.

“சாமி ரூமுக்கு எதிரேயா மாட்டுறீங்க?” என்றாள் மருமகள். சாமிக்குத் தெரியாத உடம்பா, அங்கேயேதான் மாட்டினேன்.

மறுபடி அடித்தால் பாதி விலைக்குத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சரி, பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். போன வாரம் பேத்தி கண்டுபிடித்தாள்: சமையலறை வாசலில் நின்று பக்கவாட்டில் பார்த்தால், சட்டத்தின் ஓரத்தில் விரல்கள் தெரிகின்றன.