மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்: காசு கேட்காத காவல்

விண்டோஸ் 10, 11 கணினிகளோடு கட்டணமின்றி வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்ட்டிவைரஸை, சும்மா கிடைப்பதுதானே என்று ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில ஆண்டுகளாக இதை மட்டுமே பயன்படுத்திவரும் எனக்கு, வீட்டுக் கணினிக்கு அந்தச் செலவு தேவையில்லை என்றே தோன்றுகிறது.

பழைய ஆன்ட்டிவைரஸ்கள், ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளப் பட்டியலோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தன. நிரலைச் சற்றே மாற்றி அனுப்பினால் ஏமாந்துபோயின. டிஃபெண்டர் அந்தப் பட்டியலோடு நிற்பதில்லை. இணையத்திலிருந்து இறங்கிய கோப்பு சந்தேகத்துக்குரியதாக இருந்தால், கிளவுடில், அதாவது இணையம் வழியே எட்டும் மைக்ரோசாஃப்டின் கணினிகளில், உள்ள இயந்திரக் கற்றல் மாதிரிகளின் (பல கோப்புகளைப் பார்த்து நல்லது கெட்டதைப் பிரித்தறியப் பழகிய நிரல்களின்) தீர்ப்பு வரும்வரை, இயல்பான அமைப்பில் 10 வினாடிகள் வரை, அதை இயங்கவிடாமல் நிறுத்திவைக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நடத்தையையும் கண்காணிக்கிறது.

இதன் திறனுக்கு 2018 மார்ச் 6 அன்று டோஃபாயில் என்ற தீநிரல் நடத்திய தாக்குதல் நல்ல சான்று. மீடியாகெட் என்ற டோரன்ட் மென்பொருளின் (பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர உதவுவது) அப்டேட்டில் கள்ளத்தனமாகச் சேர்க்கப்பட்ட அந்தத் தீநிரல், விண்டோஸின் சொந்த எக்ஸ்ப்ளோரர் நிரலின் வேடத்தில் ஒளிந்துகொண்டு, பிறர் கணினியில் எலக்ட்ரோனியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்ட முயன்றது. முதலில் 80,000 முயற்சிகளையும், அடுத்த 12 மணி நேரத்தில் 4,00,000க்கும் மேற்பட்டவற்றையும் தடுத்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அவற்றில் 73 விழுக்காடு ரஷ்யாவில் நிகழ்ந்தவை. தன் பொருளைப் பற்றி நிறுவனமே தரும் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும், முதல் எச்சரிக்கை அடையாளப் பட்டியலிலிருந்து வராமல் நடத்தைக் கண்காணிப்பிலிருந்து வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குறைகளும் உண்டு. இணைய இணைப்பு இல்லாதபோது கிளவுடின் துணை கிடைக்காது. கணினியிலேயே இருக்கும் மாதிரிகளைத்தான் நம்ப வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவரிடம் நாமே எண்ணைச் சொல்லிவிட்டால், எந்த ஆன்ட்டிவைரஸும் அங்கே குறுக்கே வர முடியாது. இவற்றைவிட என்னை உறுத்துவது வேறு: ஆவணங்களையும் படங்களையும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) பூட்டிவிடாமல் காக்கும் கோப்புறைக் கட்டுப்பாடு 2017 முதலே இருந்தும், நாமாக இயக்கினால்தான் வேலை செய்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று அதை இயக்கலாம். இயக்கிய பிறகு அது அறியாத நல்ல மென்பொருள்களையும் தடுக்கக்கூடும் என்பதால், அன்றாடம் பயன்படுத்துபவற்றை அனுமதிப் பட்டியலில் சேர்க்க அரைமணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.