செட், ஆக், கிரெப்: பிழை வந்தால் முதலில் தரவைப் பாருங்கள்

கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டுகளில், உரையைத் தேடும் கிரெப் (grep), உரையை மாற்றி எழுதும் செட் (sed), வரியைப் புலங்களாகப் பிரித்துக் கையாளும் ஆக் (awk) மூன்றையும் பல வருடங்களாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்தவை. பெரிய பதிவுக் கோப்புகளை அலச இவற்றைவிடக் கைக்கு இசைந்த கருவிகளை நான் கண்டதில்லை. ஆனால் பிழை வந்ததும் கட்டளையை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பது வீண் வேலை. அதற்குள் போகும் தரவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் சேமித்த கோப்புகளே இதற்குச் சரியான சாட்சி. வரி ‘முடிந்தது’ என்று முடிவது கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் கிரெப்பில் ‘முடிந்தது$’ என்று தேடினால் ($ என்பது வரியின் முடிவு) எதுவும் அகப்படாது. ஆக்கில் கடைசிப் புலத்தை அச்சிட்டு அதன் பின்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்தால், அந்தச் சொல் வரியின் தொடக்கத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸில் கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையைப் பெரிய ‘ஏ’ விருப்பத்துடன் (cat -A) ஓட்டுங்கள். வரி முடிவைக் காட்டும் $ குறிக்கு முன்னால் ^ குறியும் ‘எம்’ எழுத்தும் நின்றால், அதுதான் கேரேஜ் ரிட்டர்ன்: விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. எழுத்துகளை நீக்கும் டிஆர் (tr) கட்டளையால் அதை நீக்கிவிட்டால் பழைய கட்டளையே ஒழுங்காக ஓடும்.

செட்டில் ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்றும் ‘எஸ்’ (s) கட்டளைக்குத் தெரியாத விருப்பம் என்று பிழைச்செய்தி வந்தால், விருப்பங்களை ஆராய வேண்டாம். பெரும்பாலும் மாறிக்குள் ஒரு கோப்புப் பாதை இருக்கும். அதிலுள்ள / குறியை, தேடும் சொல்லையும் மாற்று உரையையும் பிரிக்கும் பிரிப்பானாகச் செட் எடுத்துக்கொண்டிருக்கும். பிரிப்பானாக | குறியை வைத்தால் தீர்ந்தது. மாற்று உரையில் & குறி இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை: பொருந்திய சொல் முழுவதும் அங்கே வந்து நிற்கும், பிழைச்செய்தியும் வராது.

கோப்பை அதே இடத்தில் திருத்தும் செட்டின் ‘-ஐ’ (-i) விருப்பம் லினக்ஸில் தனியாக ஓடும். மேக்கில் அதற்குப் பின்னொட்டு ஒன்று கொடுத்தாக வேண்டும், வெற்று மேற்கோளாவது. இரண்டிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் நான் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றுவதையே விரும்புகிறேன்.

மிகவும் அலைக்கழிப்பது கிரெப்பின் மௌனம். பொருத்தம் கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, உண்மையான பிழை என்றால் 2 என்று முடிவு எண்ணை அது ஷெல்லுக்குத் திருப்பித் தருகிறது. எந்தக் கட்டளை 0 அல்லாத எண்ணைத் தந்தாலும் நிறுத்தச் சொல்லும் ‘set -e’ (இது ஷெல்லின் கட்டளை, மேலே சொன்ன செட் அல்ல) போட்ட ஸ்கிரிப்ட், தேடிய சொல் இல்லை என்பதற்காகவே ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிடும். கட்டளை தோற்றாலும் வெற்றியாகவே கொள்ளச் செய்யும் ‘|| ட்ரூ’ (|| true) என்பதைப் பலர் சேர்த்துத் தப்பிக்கிறார்கள். அது கோப்பே இல்லாத உண்மையான பிழையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. இஃப் கட்டளைக்குள் கிரெப்பை வைத்து, 1-ஐயும் 2-ஐயும் தனித்தனியாகக் கையாளுங்கள்.