மந்திரப் பொருள் செய்யும் விதிகள்: புதிய டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் கதாபாத்திரங்களாக மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், நடத்துபவருக்கான நூலாகிய டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்டின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு 2024 நவம்பரில் வெளியானது. 384 பக்கங்கள் கொண்ட அந்நூலின் விலை 49.99 அமெரிக்க டொலர். திருகோணமலை உவர்மலையில் போயா விடுமுறைகளில் கூடி ஆடும் எங்கள் குழுவில் ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில், அந்நூலில் நாங்கள் அதிகமாகப் புரட்டும் பகுதியான, கதாபாத்திரங்கள் மந்திர வாள், மோதிரம் போன்ற பொருட்களைத் தாமே செய்வதற்கான விதிகளை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முந்தைய விதிகளை அறிந்தவர்களுக்கே இம்மாற்றத்தின் அருமை புரியும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், ஒரு பொருளைச் செய்பவர் அதன் விலையில் பாதியைப் பொற்காசாகக் கொடுப்பதோடு, அவ்விலையின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு ஈடான, லெவல் உயர உதவும் அனுபவப் புள்ளிகளையும் இழக்க வேண்டியிருந்தது. நண்பர்களுக்காக உழைக்கும் மந்திரவாதி அந்த நண்பர்களை விடவே லெவலில் பின்தங்கிப்போவது நியாயமாக இருக்கவில்லை. 2009இல் வந்த, அந்த மூன்றாம் பதிப்பின் வழியில் உருவான பாத்ஃபைண்டர் ஆட்டம் அந்த அனுபவப் புள்ளிச் செலவை நீக்கிவிட்டது. 2014ஆம் ஆண்டின் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்டோ வேறொரு திசையில் தவறியது. நாளொன்றுக்கு 25 பொற்காசு பெறுமதியான வேலைதான் முடியும் என்று அது வரையறுத்ததால், 5,000 பொற்காசுச் செலவுள்ள அரிய பொருளுக்கு 200 நாட்களும், 500,000 பொற்காசுச் செலவுள்ள உச்சநிலைப் பொருளுக்கு 20,000 நாட்களும், அதாவது ஏறத்தாழ 55 ஆண்டுகளும் தேவைப்பட்டன. பலர் கூடி உழைக்கலாம் என்ற சலுகை இருந்தபோதும், அந்த விதியை நம்பி எந்த ஆட்டக்காரரும் பட்டறைப் பக்கம் போகமாட்டார்.

புதிய அட்டவணை இந்தக் குறையைச் சீராக்கியிருக்கிறது. சாதாரணப் பொருளுக்கு 5 நாட்களும் 50 பொற்காசும், அதற்கடுத்த நிலைக்கு 10 நாட்களும் 200 பொற்காசும், அரிய பொருளுக்கு 50 நாட்களும் 2,000 பொற்காசும், மிக அரியதற்கு 125 நாட்களும் 20,000 பொற்காசும், உச்சநிலைக்கு 250 நாட்களும் 100,000 பொற்காசும் என்று அது வகுக்கிறது. உரிய கருவியில் தேர்ச்சியுள்ள இன்னொருவர் கைகொடுத்தால் நாட்கள் பாதியாகும். ஒரே தடவை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருட்களுக்கு நாளும் செலவும் பாதிதான். மந்திரச் சுருளுக்கும் குணமாக்கும் மருந்துக்கும் தனி விதிகள் உண்டு.

யார் எதைச் செய்யலாம் என்பதற்கான வரம்புதான் இப்பகுதியில் எனக்கு மிகவும் பிடித்தது. மந்திரவியல் அறிவைக் குறிக்கும் ஆர்கானா திறனும், பொருளுக்கேற்ற கைவினைக் கருவியில் தேர்ச்சியும் சேர்ந்திருக்க வேண்டும்: மோதிரத்துக்கு நகைத் தொழிலாளியின் கருவிகள், கோலுக்கு மரச் செதுக்குக் கருவிகள். ஃபயர்பால் என்ற நெருப்புக்கோள மந்திரத்தை ஏவும் கோலைச் செய்ய விரும்பும் மந்திரவாதி, 50 நாட்களும் அந்த மந்திரத்தைத் தயார்நிலையில் வைத்திருந்து, நாளுக்கு எட்டு மணிநேரம் உழைக்க வேண்டும். அந்த 50 நாட்களில் ஊருக்கு ஆபத்து வந்தால் வேலையை விட்டு எழுவதா, வேண்டாமா என்ற கேள்வி ஒன்றே எங்கள் மேசையில் ஒரு முழு மாலையை நிறைத்தது.

ஆனால் மூலப்பொருள் பற்றிய பகுதி மெலிந்து கிடக்கிறது. நகரமென்றால் 75 சதவீதம், மற்றக் குடியிருப்புகளென்றால் 25 சதவீதம் கிடைக்கும் வாய்ப்பு; கிடைக்காவிட்டால் ஏழு நாட்கள் கழித்து மீண்டும் தேடலாம். அவ்வளவுதான். எங்கள் கதை நிகழும் இடம் திருகோணமலைத் துறைமுகத்தை மனதில் வைத்து வரைந்த ஒரு நகரம் என்பதால், வாடைக்காற்றுக் காலத்தில் கப்பல் வராதென்று 75ஐ 25ஆகக் குறைத்து இவ்விதிக்குக் கொஞ்சம் உயிரூட்டிக்கொண்டோம். எனினும் அந்த மூலப்பொருள் எது என்பதை நூல் சொல்வதே இல்லை. நகைப் பட்டறையில் வேலைசெய்யும் எங்கள் ஆட்டக்காரர் ஒருவர், தம் கதாபாத்திரம் நெருப்பைத் தாங்கும் மோதிரம் செய்யப் புறப்பட்டபோது, “அண்ணா, என்ன கல்லு வைக்கிறது? பொன்னோட செம்பு எவ்வளவு சேர்க்கிறது?” என்று கேட்டார். செய்முறை விதியில் அதற்குப் பதிலில்லை. அதே நூலின் மந்திரப் பொருள் விவரணையிலோ நெருப்புக்குக் கார்னெட், குளிருக்குத் தூர்மலின், விசைக்கு நீலக்கல், அமிலத்துக்கு முத்து என்று கல்வாரியான பட்டியலே இருக்கிறது. இரத்தினபுரிக் கற்களைக் கண்ணால் கண்டு பழகிய நாட்டவர்களான எங்களுக்கு அது அரும்பெரும் விருந்து. கல்லைத் தேடிக் கண்டுபிடித்தால் செலவில் சிறிது குறையும் என்று ஒரு வரி சேர்த்து இரண்டையும் இணைத்திருக்கலாம்.

2017இல் இதே ஆட்டத்துக்குத் துணைநூலாக வந்த ஸனாத்தார்ஸ் கைட் இந்த வகையில் மேலானது. ஒவ்வொரு பொருளுக்கும் முதலில் செய்முறைக் குறிப்பு கையில் கிடைக்க வேண்டும். பிறகு அதன் தரத்துக்கேற்ற ஓர் அபூர்வ மூலப்பொருளை ஆபத்தான ஓர் உயிரினத்தை எதிர்கொண்டு பெற வேண்டும். அரிய பொருளுக்கு அந்த உயிரினத்தின் சவால் மதிப்பு, அதாவது அதை வெல்வது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் எண், 9 முதல் 12 வரை; எங்கள் மோதிரத்துக்கு மதிப்பு 10 உள்ள இளம் சிவப்பு டிராகன் அழகாகப் பொருந்தியது. ஐந்து வேலை வாரத்துக்கு ஒருமுறை, போட்டியாளரின் சூழ்ச்சி போன்ற சிக்கல் எழ 10 சதவீத வாய்ப்பும் உண்டு. இந்தக் குறிப்பு, வேட்டை, சிக்கல் மூன்றையும் புதிய நூல் கைவிட்டதால், பணமும் ஓய்வுநாட்களும் இருந்தால் பொருள் தானாகவே வந்துவிடும் என்ற நிலை உருவாகியிருக்கிறது. மந்திர வாள் என்பது கடையில் வாங்கும் சரக்கல்ல. அது எப்படி வந்தது என்ற கதையோடு சேர்ந்துதான் ஆட்டக்காரர் அதை நேசிக்கிறார்.

ஆகவே நாட்களுக்கும் செலவுக்கும் 2024 நூலையும், மூலப்பொருளுக்கும் சிக்கல்களுக்கும் 2017 நூலையும் சேர்த்து ஆடுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். நேரக் கணக்கில் இரண்டும் ஒத்துப்போவதால் இணைப்பதில் சிரமமில்லை. தங்கள் கோட்டையில் பணியாட்களைக் கொண்டு பொருள் செய்விக்கும் வசதியை விரும்புவோர் மட்டும் முழு நூலையும் வாங்கலாம். மற்றவர்கள், டொலர் விலையையும் தபால் செலவையும் பார்க்கும்போது, 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியான, இவ்வாட்டத்தின் அடிப்படை விதிகள் அடங்கிய விதித்தொகுப்பு (SRD) 5.2ஐ முதலில் படிக்கலாம். மந்திரப் பொருள் செய்யும் அட்டவணை அதிலும் உள்ளது. மூலத்துக்கு உரிய முறையில் பெயர் குறிப்பிட்டால் அதை மொழிபெயர்க்கவும் பகிரவும் அந்த உரிமம் இடமளிப்பதால், கருவிகளின் பட்டியலையும் நாள் கணக்கையும் நாங்கள் தமிழில் ஒரே தாளில் எழுதி மேசையில் வைத்து ஆடுகிறோம்.