24 மணி நேரமும் ஆள் இருப்பார் என்றார்கள்: கொழும்பில் வயதானவர்களை அட்மிட் பண்ணப் போகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மா பதினொரு நாள் இருந்தார். அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆனால் வயதான அம்மாவையோ அப்பாவையோ எந்த மருத்துவமனையில் சேர்க்கப் போகிறவர்களும் இதை வாசித்துவிட்டுப் போனால் நல்லது.

அம்மாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவர். அப்பா போன பிறகு வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்படியில் தொடை எலும்பு உடைந்துவிட்டது. கனடாவில் இருக்கிற தம்பி, "அக்கா, காசைப் பாராதேங்கோ, நல்ல இடமாப் பாருங்கோ" என்றான். அப்படித்தான் அங்கே போனோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒப்பரேஷன் செய்த டொக்டர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாளே எழுப்பிக் கதிரையில் இருத்தச் சொல்லிவிட்டுப் போனார். பிழை நடந்ததெல்லாம் அவர் போன பிறகு, அந்த அறைக்குள்.

அட்மிட் பண்ணும்போதே கவுண்டரில் இருந்த பிள்ளை, 24 மணி நேரப் பராமரிப்பாளர் எடுங்கள் என்றார். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஒரு ஷிஃப்டுக்கு 4,500 ரூபா. ஒரு நாளைக்கு 9,000. அம்மாவின் பக்கத்திலேயே இருப்பார், தமிழ் தெரிந்தவர் என்றார். இரண்டு தரம் கேட்டேன், "எங்கட அம்மாவுக்கு மட்டுமா?" என்று. இரண்டு தரமும் ஓம் என்றார். பராமரிப்பாளர் எடுத்தால் வீட்டார் இரவில் தங்கக்கூடாது, எட்டு மணிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்களின் விதி. எனக்கு வேலை, மகளுக்குச் சோதனை. நிம்மதி என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாளில் "பராமரிப்புச் சேவை" என்று மட்டும்தான் இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதைப் பார்க்காமல் விட்டது என் பிழை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் போகிற நேரங்களில் ஒரு அக்கா அறையில் நிற்பார். ஆனால் அம்மா மாறிக்கொண்டே போனார். கட்டில் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை ஆறிப்போய் அப்படியே இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஞாயிறு பின்னேரம் என்னை சித்தியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒப்பரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படி ஒரு குழப்பம் வரும் என்று நேர்ஸ் சொன்னார். அது உண்மைதான். டெலிரியம் என்பார்கள். ஆனால் தண்ணீர் குறைந்தால், நித்திரை கெட்டால், மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாமல் கிடந்தால், சுற்றியிருப்பவர்கள் பேசுவது விளங்காவிட்டால் அது இன்னும் கூடும். அம்மாவின் கண்ணாடி லாச்சிக்குள் கிடந்தது. நான்தான் எடுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த நாளும் அது லாச்சிக்குள்ளேயே கிடந்தது.

திங்கள் இரவு நான் வெளிக்கிடும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போ, நான் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றார். அந்த "ஒண்டும் கேக்க மாட்டன்" என்ற சொல் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. என்ன கேட்டார், யார் இல்லை என்றார்கள்? நித்திரை வரவில்லை. விடிய நாலரைக்கு ஓட்டோ பிடித்துப் போனேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி ஐயா முதலில் விடவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் போங்கள் என்று விட்டார்.

அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. லைட் முழுக்க எரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் உடுப்பு இடுப்புக்கு மேலே ஏறிக் கிடந்தது, போர்வை நிலத்தில். கொரிடோரால் போகிற எவரும் பார்க்கலாம். இரண்டு மணிக்கட்டையும் பண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். பம்பர்ஸ் அழுக்காகிப் பாரமாகித் தொங்கியது, மணந்தது. அழைப்பு மணியின் வயர் தலைமாட்டுக்குப் பின்னால், எட்டவே முடியாத இடத்தில். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

வீட்டிலே சீலைத் தலைப்பைச் சரிசெய்யாமல் படலைக்கு வராத மனுசி.

கட்டை அவிழ்த்துக் கழுவித் துடைத்து முடிய இருபது நிமிடம் போயிற்று. அதன் பிறகுதான் இரவு ஷிஃப்ட் அக்கா வந்தார். அந்தத் தளத்தில் நாலு அறை அவர் பொறுப்பு. நாலு அறைக்காரரிடமும் தனித்தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள். அவருக்குக் கிடைப்பது ஒரு இரவுக்கு 1,800 ரூபா என்று சொல்லி அழுதார். அவரோடு எனக்குக் கோபம் இல்லை. ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் தனியாக நாலு பேரைப் பன்னிரண்டு மணி நேரம் பார்க்க முடியாது. கையைக் கட்டச் சொன்னது யார் என்று கேட்டேன். "ஆச்சி ஒவ்வொரு நாளும் வெளிய போக ஓணும், வெளிய போக ஓணும் என்று கம்பிக்கு மேலால இறங்கப் பார்க்கிறாங்க. விழுந்திருவாங்க மிஸ்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா சொன்னது "வெளிக்குப் போக வேணும்" என்று. எங்களுக்கு அது மலம் கழிக்கப் போவது. அந்த அக்காவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், அவருக்கு அது வெளியே போவது. "வெளிய போக ஏலாது ஆச்சி, விடிஞ்சா மகள் வருவாங்க" என்று மூன்று இரவும் ஆறுதல் சொல்லியிருக்கிறார். பகலில் இன்னொருவருக்கு அது சரியாக விளங்கியும் இருக்கிறது. அவர், "பம்பர்ஸ் போட்டிருக்குத்தானே, அதுக்குள்ளேயே போங்க" என்றாராம். அறிவு தெளிவாக உள்ள ஒருவரிடம் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? சாப்பிடாமல், குடிக்காமல் விட்டுவிடுவார். உள்ளே போனால்தானே வெளியே வரும். அம்மா தேத்தண்ணியைத் தொடாமல் விட்டது அதனால்தான். கம்பியில் ஏறப் பார்த்ததும் புத்தி மாறியதால் இல்லை. கட்டிலை அழுக்காக்க மனமில்லாத ஒரு மனுசி கக்கூசுக்குப் போகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். கம்பியைத் தூக்கிவிட்டால் விழமாட்டார்கள் என்று நினைக்கிறோம். அதில் ஏறி விழுந்தால் அடி இன்னும் உயரத்திலிருந்து.

காலையில் அம்மாவைத் திருப்பிப் பார்த்தேன். நாரிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. இரண்டு குதிக்காலிலும் அதே சிவப்பு. விரலால் அமர்த்தி எடுத்தால் நல்ல தோல் வெளிறிப் பிறகு சிவக்கும். வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். அம்மாவுடையது வெளிறவில்லை. எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் வழக்கமான முறை. அம்மாவின் கோப்பில் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் "திருப்பப்பட்டது" என்று சரி போட்டிருந்தது. நாலரைக்கு முந்தியது மட்டுமில்லை, நான் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆறு மணிக்கும் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்தேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

ஒப்பரேஷனுக்குப் போட்ட சலக் குழாய் (சிறுநீர் போகிற குழாய்) செவ்வாய்க்கிழமையும் அப்படியே இருந்தது. அது எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி ஏறும். நான் கேட்ட பிறகுதான் புதன்கிழமை எடுத்தார்கள். அன்று பின்னேரமே காய்ச்சல், சலத்தில் கிருமி. ஆறு நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் பதினொரு நாள் கிடந்தது அதனால்தான். அந்த நாட்களுக்கும் அறை வாடகை நாங்கள்தான் கட்டினோம்.

செவ்வாய் காலை பராமரிப்பாளர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நானே கதிரையில் படுத்தேன். விதி என்றார்கள். அம்மாவின் மணிக்கட்டைக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார்கள். ஒரு தாளில் "வெளிக்கு, ஒண்டுக்கு, நோகுது, தண்ணி" என்று எழுதி, பக்கத்து அறைக்காரர் ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் அர்த்தம் எழுதுவித்துச் சுவரில் ஒட்டினேன். கண்ணாடி போட்டு, காதுக் கருவி போட்டு, யன்னல் திரையைத் திறந்து, பத்திரிகை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள் அம்மா என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நாலு சொல்லை ஒட்டிவைக்க எவ்வளவு செலவாகும்? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலகத்தில் கேட்கிற உரிமையைக் காசு கட்டுகிற இடத்தில் கேட்க நாங்கள் ஏன் கூச்சப்படுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த நேரத்தில் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் அரச ஆஸ்பத்திரியான கொழும்பு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டில் இடமே இல்லை, இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூட முடியாது. ஆனால் அப்பாவைத் துடைக்கும்போதெல்லாம் அங்கே இருந்த ஒரு அட்டென்டன் ஐயா விரிப்பைக் கையில் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்பார். "ஐயா, இப்ப கால் தூக்கப் போறன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லித்தான் செய்வார்.

பில் வந்த நாள் இன்னொரு அதிர்ச்சி. பராமரிப்பாளர் 18 ஷிஃப்ட், 81,000 ரூபா. நான் எட்டு ஷிஃப்டோடு நிறுத்தியது. நாங்கள் வெளியே வாங்கிக்கொடுத்த பம்பர்ஸுக்கு மேலே இன்னும் நாலு பக்கெட். எழுதிக் கொடுத்த கடிதத்தின் பிரதியைக் காட்டியதும் 45,000 ரூபாவைக் கழித்தார்கள், பம்பர்ஸையும் கழித்தார்கள். மிச்ச 36,000 ரூபாவுக்கு "சேவை வழங்கப்பட்டது" என்று நின்றார்கள். எல்லாம் திருப்தி என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். அது இல்லாமல் நோயாளியை விடமாட்டோம் என்ற மாதிரிக் கதைப்பார்கள், கொஞ்சம் பொறுத்து நின்றால் விடுவார்கள்.

பராமரிப்பாளர் எடுப்பதென்றால் அந்த ஆளின் பெயர், எத்தனை நோயாளிக்கு ஒருவர், என்ன மொழி தெரியும் என்பதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எடுக்காதீர்கள், வீட்டு ஆள் ஒருவர் தங்க விடச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் எதிர்பார்க்காத நேரத்தில் ஒரு தரமாவது போய்ப் பாருங்கள். பில்லை ஒவ்வொரு நாளும் கேளுங்கள், கடைசி நாள் கழித்துப் பார்க்க நேரமும் மனமும் இருக்காது. சலக் குழாய் இன்னும் தேவையா என்று டொக்டரிடம் தினமும் கேட்கலாம், அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தனியார் மருத்துவமனைகளுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் தனியார் சுகாதார சேவைகளை ஒழுங்குபடுத்தும் சபை ஒன்றும் இருக்கிறது. என் முறைப்பாட்டை அங்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன், படங்களும் பில்லும் கடிதப் பிரதியும் சேர்த்து. மருத்துவமனை முகாமையாளருக்கும் ஒரு பிரதி.

அம்மா இப்போது வோக்கர் பிடித்து மண்டபம்வரை நடக்கிறார். குதிக்கால் ஆறிவிட்டது, நாரிப் புண் ஆற இன்னும் நாள் எடுக்கும். வருகிற வியாழன் எலும்பு டொக்டரிடம் காட்ட வேண்டும். அந்த வாசலுக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். அதே டொக்டர் பொரளைப் பக்கம் இன்னொரு இடத்திலும் பார்க்கிறார், அங்கே சனல் பண்ணியிருக்கிறேன்.