ரேடியேட்டருக்கு முழு மார்க், கூட வந்த ஃபேனுக்கு இல்லை

1954 ஷெவர்லே 3100 பிக்கப்பில் எல்எஸ் (ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கால இன்ஜின் குடும்பம்) 5.3 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்காக வாங்கிய அலுமினிய ரேடியேட்டர், அதோடு ஒரே செட்டாக வந்த இரண்டு 12 இன்ச் ஃபேன், அவற்றைக் கழற்றிவிட்டு நான் மாட்டிய லிங்கன் மார்க் 8 காரின் பழைய ஃபேன், இந்த மூன்றையும் பற்றித்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் ரேடியேட்டரைத் தேர்ந்தெடுக்கவே எல்லா நேரத்தையும் செலவழித்துவிட்டு ஃபேனைக் கடைசியில் ஏதோ ஒன்று என்று வாங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அது தப்பு.

முதலில் ரேடியேட்டர். இந்த வண்டியில் இருந்த ஆறு சிலிண்டர் இன்ஜின் 112 குதிரைத்திறன், இப்போது இருப்பது 285-ஐ ஒட்டி, வெளியேற்ற வேண்டிய சூடும் அதற்கேற்ப அதிகம். முன்பக்கத்து ஓட்டை மட்டும் அதே அளவுதான், ஒடுக்கமாக, உயரமாக. அதனால் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்கும் வகை ரேடியேட்டர்தான் இதில் சரியாக உட்காரும். நான் எடுத்தது தண்ணீர் ஓடும் குழாய்கள் இரண்டு வரிசையாக இருப்பது, ஒவ்வொரு குழாயும் ஒரு இன்ச் அகலம். நாலு வரிசை வைத்த செம்பு ரேடியேட்டர் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் குழாய்கள் அரை இன்ச்தான், வரிசை கூடக் கூடக் காற்று உள்ளே புகுந்து வெளியே வருவதும் கஷ்டமாகிறது. அகலமான குழாயில் துடுப்புத் தகடு ஒட்டும் பரப்பு அதிகம், எடையும் குறைவு. வெல்டிங் சுத்தம், ஒன்றரை வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரேடியேட்டர் மூடி இன்ஜினின் உச்சியைவிட உயரத்தில் நிற்பதால் காற்று அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

ஒரே குறை, எல்எஸ் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டிலிருந்து நீராவி வெளியேற ஒரு சின்ன ஹோஸ் வரும், அதைச் சேர்க்க இந்த ரேடியேட்டரில் இடமே வைக்கவில்லை. மேல் தொட்டியில் ஒரு நிப்பிள் வெல்டிங் வைத்துக்கொண்டேன். அந்த ஹோஸை அடைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், ஹெட்டில் நீராவி தங்கினால் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறி ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போய்விடும்.

சரி, ஃபேன். செட்டில் வந்த இரண்டு ஃபேனும் ஒரு தட்டையான தகட்டில் பொருத்தி, அந்தத் தகடு ரேடியேட்டர் முதுகோடு கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு நின்றது. பார்க்க அழகு. ஆனால் காற்று அந்த இரண்டு வட்டத்துக்குள் மட்டும்தான் போகும், மூலைகளும் நடுப்பகுதியும் சும்மா கிடக்கும். பெட்டியில் எழுதியிருந்த காற்றின் அளவு பெரிய எண்தான், அந்த எண்ணெல்லாம் முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் 90 டிகிரியில் அசையாமல் நிற்கும், சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்றால் 110-ஐத் தொடும். இங்கேதான் நிறையப் பேர் இன்னும் பெரிய ரேடியேட்டர் வாங்கக் கிளம்புகிறார்கள். நிற்கும்போது சூடு ஏறி, ஓடும்போது இறங்கினால் குறை பெரும்பாலும் காற்றில், அதாவது ஃபேனில். நிற்கும்போது நன்றாக இருந்து வேகமாக ஓடும்போது ஏறினால்தான் ரேடியேட்டரையும் தண்ணீர் ஓட்டத்தையும் சந்தேகப்பட வேண்டும். இது ஒன்றைத் தெரிந்துகொண்டிருந்தால் இரண்டு மாசம் மிச்சமாகியிருக்கும் எனக்கு.

மார்க் 8 ஃபேன் ஒற்றை, 18 இன்ச். அதை வாங்கி, அதற்கு அலுமினியத் தகட்டில் ரேடியேட்டர் முழுவதையும் மூடுகிற மாதிரி ஒரு கூடு மடித்தேன், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டரை இன்ச் இடைவெளி வைத்து. அந்த இடைவெளிதான் எல்லாம், அது இருந்தால்தான் மூலையில் இருக்கிற காற்றும் ஃபேனை நோக்கி வரும். கூட்டில் நாலு ரப்பர் மடலும் வைத்தேன், வேகமாக ஓடும்போது காற்று அவற்றைத் தள்ளித் திறந்துகொண்டு போகும், நிற்கும்போது தானே மூடிக்கொள்ளும். இப்போது வெயிலில் அரை மணி நேரம் ஐடிலில் விட்டாலும் 96-ஐத் தாண்டவில்லை. மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனால் கரண்ட் விஷயத்தில் இது லேசுப்பட்ட ஃபேன் இல்லை. ஓடும்போதே 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுழலத் தொடங்கும் அந்த நொடியில் பல மடங்கு. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் சுவிட்ச்சான ரிலே சாதாரண 40 ஆம்பியரில் போட்டது என்னிடம் ஒரு வாரத்தில் உருகியது, 70 ஆம்பியர் ரிலேயும் தடித்த ஒயரும் போட்டபிறகு பிரச்சினை இல்லை. வண்டியோடு வந்த 6 வோல்ட் வயரிங்கை இதற்கு நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், எப்படியும் புது இன்ஜினுக்கு 12 வோல்ட் வேண்டும், அப்போதே இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரைப் பெரியதாக வைத்துவிடுங்கள்.

அப்புறம் வாங்குவதற்கு முன்னால் வாட்டர் பம்ப் புல்லியிலிருந்து ரேடியேட்டர் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று இன்ஜினை மவுண்டில் உட்காரவைத்த பிறகு அளங்கள், ஃபேன் மோட்டாரின் முதுகுக்கும் புல்லிக்கும் நடுவே குறைந்தது இரண்டு சென்டிமீட்டராவது விடுங்கள், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது இன்ஜின் ரப்பர் மவுண்டில் முன்னால் நகரும். ரேடியேட்டருக்குள் பிளாஸ்டிக் கம்பியைக் குத்தி ஃபேனைக் கட்டும் முறை செட்டோடு வந்த தாளிலேயே இருந்தது, அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும், கூட்டின் ஓரத்தில் போல்ட் போட்டு மாட்டுங்கள்.

இன்னொரு முறை செய்தால் இதே ரேடியேட்டரை ஃபேன் இல்லாமல் தனியாக வாங்குவேன். தனியாகவும் தருகிறார்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள்.