நத்தார் மரத்துக்குப் பின்ன எந்த நூல்: பருத்தியா, அக்ரிலிக் வூலா?

நத்தார் மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், மணி, சம்மனசு என்று குரோஷே ஊசியால் பின்னத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நூல் வாங்குவது என்றுதான். உருண்டையாகச் சுற்றி வரும் மெல்லிய பருத்தி நூலும் இருக்கிறது, செயற்கை இழையான, மொத்தமான அக்ரிலிக் வூலும் இருக்கிறது. இரண்டிலும் பின்னிப் பார்த்துவிட்டு நான் பருத்தியில் நிற்கிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு சொல்கிறேன் என்பதையும் சேர்த்தே வாசியுங்கள். வருட மழையில் பெரும்பங்கை ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் வாங்குகிற ஊர் இது. நத்தார் வருவது அந்த மழைக்கு நடுவில்.

எல்லாரும் அறிந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். அக்ரிலிக்கில் கை வேகமாக ஓடும். 3.5 அல்லது 4 மில்லிமீற்றர் ஊசி போதும், கண் வலிக்காது, நிறங்களுக்கும் குறைவில்லை. 10ஆம் இலக்கப் பருத்தி நூலுக்கு 1.5 மில்லிமீற்றரை ஒட்டிய ஊசி வேண்டும். இலக்கம் கூடக் கூட நூல் மெலியும், இராவில் குண்டு பல்ப் வெளிச்சத்தில் பின்னுவது கஷ்டம். பிள்ளைகளுக்குப் பழக்குவதென்றால் அக்ரிலிக்தான் சரி.

பார்வைக்கு வந்தால் நிலைமை மாறும். நட்சத்திரத்தின் அழகு அதன் ஓட்டைகளில் இருக்கிறது. சங்கிலிப் பின்னலின் வளைவுகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்து, பின்னால் எரிகிற லைட் அதற்குள்ளால் வரவேண்டும். அக்ரிலிக்கின் பஞ்சு அந்த இடைவெளிகளை அடைத்துவிடும். மெர்சரைஸ் செய்த பருத்தி நூலில் இழை துருத்தாது. 1844இல் ஜோன் மெர்சர் பருத்தியைக் காரச் சோடாவில் தோய்த்துக் கண்ட முறை அது. தோய்க்கும்போது நூலை இழுத்துப் பிடித்தால் பட்டுப்போல மினுங்கும் என்பதை 1890 அளவில் ஹொரஸ் லோ கண்டார். இந்த மினுக்கத்தால்தான் வெறும் வெள்ளை நட்சத்திரமும் மரத்தில் எடுப்பாகத் தெரிகிறது. பாரமும் இல்லை. சவுக்கங்கொப்பை வெட்டி வந்து மரமாக நிறுத்துகிற வீடுகளில் இதைக் கவனிக்கவேண்டும். பஞ்சு அடைத்த அக்ரிலிக் உருண்டைகள் நாலைந்து தொங்கினாலே அந்த மெல்லிய கொப்பு தலை குனிந்துவிடும்.

ஆனால் நான் பருத்தியைத் தேர்ந்தது அழகுக்காக மட்டும் இல்லை. நத்தார் முடிந்து பதினொரு மாதம் இந்தப் பொருள் எப்படி இருக்கப்போகிறது என்பதே என் கேள்வி. நகரத்தின் இரண்டு பக்கமும் கடல். டைக் வீதிப் பக்கத்து வீடுகளில் அலுமாரிக்குள் வைத்த சேலையே மாரியில் ஈரம் குடித்து மணக்கும். அந்தக் காற்றில்தான் இந்த நட்சத்திரங்களும் இருக்கவேண்டும்.

பருத்தி நட்சத்திரம் தானாக விறைத்து நிற்காது, எதையாவது தோய்த்துக் காயவைக்கவேண்டும். சீனிப்பாகு நல்ல விறைப்புத் தரும், ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். எறும்பும் தேடி வரும். மரவேலைக்குப் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தோய்த்தால் பூச்சி கிட்ட வராது, பல காலம் நிற்கும். ஆனால் அது நூலோடு நூலாக இறுகிவிடும். பிறகு தூசி படிந்தாலும் மூலை வளைந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. ரேந்தை பின்னியே வளர்ந்த எங்கள் பெரியம்மா இதை ஒரே வரியில் முடித்துவிடுவா: "கஞ்சி ஊறினாப் போயிடும் பிள்ளை, பசை போகுமோ?"

என் தெரிவு சவ்வரிசிக் கஞ்சி. ஒரு மேசைக்கரண்டி சவ்வரிசியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கண்ணாடியாகும் வரை காய்ச்சி, துணியில் வடித்து, கைச்சூடு ஆறியபின் தோய்க்கிறேன். சோற்றுக் கஞ்சியில் சில நேரம் வெள்ளைத் திட்டு விழும், இதில் அது குறைவு. ரெஜிபோம் (தெர்மாகோல்) பலகையில் பொலித்தீனை இழுத்து ஒட்டி, அதன்மேல் நட்சத்திரத்தை விரித்து, ஒவ்வொரு முனையிலும் குண்டூசி குத்தி இழுத்துவிடவேண்டும். மணிக்கு வெறும் யோகட் கப்பைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்தினால் வடிவு சரியாக வரும்.

குண்டூசியில் மட்டும் கவனம். ஈரக் கஞ்சியும் உப்புக்காற்றும் சேர்ந்தால் சாதாரண ஊசி ஒரே இராவில் துருவேறி, ஒவ்வொரு முனையிலும் மண்நிறப் பொட்டு வைத்துவிடும். எவர்சில்வர் ஊசி வாங்குங்கள். அதைக்கூட நூல் காய்ந்ததும் கழற்றிவிடுங்கள். காய்வதற்கும் மழைநாளில் நேரம் பிடிக்கும். கார்த்திகையில் வெயில் எறிக்கிற நாள் கிடைத்தால் விடக்கூடாது, கிடைக்காவிட்டால் மின்விசிறிதான் கதி.

பெட்டிக்குள் வைக்கும்போதுதான் பருத்தி வெல்கிறது. கஞ்சி போட்டபடி மூடி வைத்தால் மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், மாப்பொருளைத் தின்கிற இராமபாணப் பூச்சியும் கரப்பானும் அரித்து ஓட்டை போடும். ஆகவே கஞ்சியோடு வைக்கவே வேண்டாம். மூவிராசாக்கள் திருநாளுக்கு மரத்தைக் கலைத்ததும் எல்லா நட்சத்திரங்களையும் வெந்நீரில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு அலசி, கஞ்சி முழுக்கப் போனதும் நல்ல வெயிலில் காயவைத்து, துவண்ட துணியாகவே பிஸ்கட் பேணிக்குள் அடுக்கிவிடுகிறேன். பூச்சிக்குத் தின்ன மா இல்லை. நசுங்கினாலும் முறிய ஒன்றும் இல்லை. அடுத்த கார்த்திகையில் புதுக் கஞ்சி போட்டால் மூலைகள் மறுபடி கூராக நிற்கும். துருப்பொட்டு பட்டிருந்தால் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்கலாம், வெள்ளைப் பருத்தி அதைத் தாங்கும்.

அக்ரிலிக்குக்கு இந்த வேலை எதுவும் இல்லை என்பது உண்மை. அதன் இழை ஈரம் குடிப்பது மிகக் குறைவு, பூச்சிக்கு அதில் உணவும் இல்லை. பெட்டியில் போட்டு மறந்துவிடலாம். வருடத்துக்கு ஒரு நாள்கூட ஒதுக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கஞ்சி அதில் சரியாகப் பிடிக்காது, அதனால் தட்டையான நட்சத்திரம் முனை சுருண்டு தொங்கும். விறைப்புக்காக உள்ளே கம்பி வைத்தால் இந்த ஊரில் கம்பி துருவேறும். சுடச்சுட இஸ்திரி போட்டால் இழை இளகி, துள்ளல் போய்த் துவண்டுவிடும். நாள்பட நுனியெல்லாம் பஞ்சு உருளும், அந்தப் பஞ்சில் தூசி ஒட்டும். கழுவினால் தூசி போகும், பஞ்சு போகாது.

பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூலை அண்மையில்தான் எடுத்தேன். பின்ன இதமாக இருக்கிறது, கஞ்சியும் ஓரளவு பிடிக்கிறது. சில மாரி தாண்டி அது எப்படி நிற்கும் என்று சொல்ல என் அனுபவம் போதாது. நிறச் சாயம் போட்ட பருத்தி நூலும் அப்படித்தான். நான் பெரும்பாலும் வெள்ளையும் சந்தன நிறமும் பாவிப்பவள். சிவப்பு நூல் வாங்கினால் பின்ன முன்னம் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் நிற்கிற மரத்துக்கு 10ஆம் இலக்க வெள்ளைப் பருத்தியில் ஒரு உருண்டை வாங்கித் தொடங்குங்கள், ஒரு மரத்துக்குத் தேவையான நட்சத்திரங்களில் பெரும்பங்கு அதிலேயே வந்துவிடும். கோயில் வளவிலோ முற்றத்திலோ வெளியில் நிற்கிற மரம் என்றால் நானும் அக்ரிலிக்கைத்தான் எடுப்பேன். முதல் மழையிலேயே கஞ்சி கரைந்துவிடும்.